ஆலயப் பதிவுகளைக் காப்போம்: படத்தொகுப்பு மென்பொருளில் படம் எங்கே இருக்கிறது?

(கெடா மாநிலத் தோட்டப்புற, நகர்ப்புற ஆலயப் பொறுப்பாளர்களுக்கும் இளைஞர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சமயச் சொற்பொழிவு கேட்டுப் பழகிய இந்த மேடையில் கணினியைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். "திருவிழாப் படங்களை எப்படிச் சேமிப்பது என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்" என்பதே செயலாளர் அவர்கள் எனக்கு இட்ட கட்டளை. நான் பெரிய கணினி நிபுணன் அல்லன். நீண்ட காலமாகக் கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம் என்று படம் பிடித்தும் தொகுத்தும் வருகின்ற ஒருவன். படித்துத் தெரிந்ததைவிடப் பட்டுத் தெரிந்ததே அதிகம். ஆகையால் நான் பட்ட ஒன்றையே முதலில் சொல்கிறேன்.

என் கையால் நேர்ந்த தவறு

2008ஆம் ஆண்டு. பீடோங் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டம். பெயர் சொல்லவில்லை, இங்கே அமர்ந்திருக்கும் பலருடைய தோட்டத்திற்கும் அதே கதைதான். தோட்டம் கைமாறியது. லயங்களைக் காலி செய்ய வேண்டும். ஆலயமும் வேறு நிலத்திற்கு மாற வேண்டும் என்று முடிவாகிவிட்டது. பழைய இடத்தில் அம்மனுக்கு அதுவே கடைசித் திருவிழா. அதைப் படம் பிடிக்க என்னை அழைத்தார்கள்.

மூன்று நாள் பிடித்தேன். 60 நிமிட மினி டி.வி. நாடா 11 முடிந்தது. மூன்றாம் நாள் மாலை, ஆலயத்தின் பின்புறம் ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்பது வயது இருக்கும். பால்வெட்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். "தாத்தா, கோயில் கதையைச் சொல்லுங்க" என்றேன். ஏறக்குறைய 50 நிமிடம் நிறுத்தாமல் சொன்னார். முதல் கல்லை யார் நட்டது, காவடி எந்த வழியாக வந்தது, எந்த ஆண்டில் எந்தக் கங்காணி என்றெல்லாம் சொன்னார். பிறகு குரல் இறங்கியது. ஜப்பான்காரன் காலத்தில் அந்தத் தோட்டத்திலிருந்து சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டு, திரும்பி வராதவர்களின் பெயர்களை லயம் லயமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அப்போது அவர் பதினான்கு வயதுப் பையன்.

திருவிழாப் படம் 40 நிமிடத்தில் முடிய வேண்டும் என்பது ஆலயத்தார் கேட்டது. தாத்தாவின் பேச்சில் 20 வினாடி மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் மேல் நாதசுரத்தை ஏற்றினேன். டி.வி.டி. எல்லாருக்கும் பிடித்திருந்தது. வேலை முடிந்ததும் கணினியில் அந்தத் திருவிழாவின் கோப்பு என்று எது தெரிந்ததோ அதைச் சிறு பென்டிரைவில் பத்திரமாக நகல் எடுத்தேன். அது இரண்டு மெகாபைட்டுகூட இல்லை. அடுத்த வேலைக்கு இடம் வேண்டுமே என்று வன்தட்டைத் துடைத்தேன். 11 நாடாக்களையும் அடுத்தடுத்த கல்யாணங்களுக்குத் திரும்பப் பயன்படுத்திவிட்டேன்.

ஏழு ஆண்டு கழித்து, அந்தத் தோட்டத்துக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இளம் ஆசிரியை என்னைத் தேடி வந்தார். "ஐயா, தாத்தா பேசினது முழுசா இருக்கா? என் கொள்ளுத்தாத்தா பேரையும் சொன்னாராமே" என்று கேட்டார். "இருக்கும்மா, பத்திரமா வச்சிருக்கேன்" என்று சொல்லிப் பென்டிரைவைச் செருகித் திறந்தேன்.

எல்லாம் இருந்தது. நான் வெட்டிய இடங்கள், ஒட்டிய வரிசை, எழுத்துகள், "தாத்தா பேச்சு" என்று நான் இட்ட பெயர் எல்லாமே இருந்தன. படம் மட்டும் இல்லை. படம் வரவேண்டிய இடத்தில் சிவப்புத் திரை வந்து, கோப்பைக் காணவில்லை என்று சொன்னது. தாத்தா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அந்தப் பெண் ஒன்றும் குறை சொல்லவில்லை. "பரவாயில்லைங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த "பரவாயில்லை"தான் என்னை இன்று இந்த மேடையில் நிற்க வைத்திருக்கிறது.

உபயப் பட்டியலும் உபயமும்

நடந்தது என்ன? படத்தொகுப்பு மென்பொருளுக்குள் நாம் படத்தைக் கொண்டுவரும்போது, படம் அதற்குள் வந்துவிட்டதாக நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி வருவதில்லை. மென்பொருள் எழுதிக்கொள்வது விலாசத்தை மட்டுமே. "இந்த வன்தட்டில், இந்தக் கோப்புறையில், இந்தப் பெயருள்ள கோப்பில், 12ஆவது நிமிடம் 4ஆவது வினாடி முதல் 24ஆவது வினாடி வரை காட்டு, அதன் மேல் இன்ன ஒலியை வை" என்று வரிசையாகக் குறித்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பேடுதான் திட்டக் கோப்பு.

ஆலயத்தில் திருவிழாவுக்கு உபயப் பட்டியல் ஒட்டுகிறோம். முதல் நாள் உபயம் இன்ன குடும்பம், இன்ன தெரு. இரண்டாம் நாள் இன்னார் என்று எழுதியிருக்கும். பட்டியலை எடுத்து அடுப்பில் வைத்தால் அன்னதானம் ஆகுமா? அரிசி உபயகாரர் வீட்டில் இருக்கிறது. பட்டியல் அதற்கு வழி சொல்கிறது, அவ்வளவே. நான் 2008இல் செய்தது, பட்டியலை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, அரிசியை வெளியே கொட்டியது.

இந்த ஏற்பாட்டைக் குறை என்று எண்ணிவிடக் கூடாது. இதில் பெரிய நன்மை உண்டு. முன்பு இரண்டு வீடியோ பெட்டிகளை இணைத்து ஒரு நாடாவிலிருந்து இன்னொன்றுக்குப் பதிந்து தொகுத்தோம். ஒவ்வொரு நகலிலும் தெளிவு குறைந்தது. இன்றோ நாம் எத்தனை முறை வெட்டினாலும் மூலப் பதிவில் ஒரு கீறலும் விழாது. வெட்டு விழுவது குறிப்பேட்டில்தான். தவறாக வெட்டிவிட்டால் மீட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த நன்மை, மூலம் இருக்கும் வரைதான்.

ஆகவே ஒரு வேலையில் நான்கு வகைக் கோப்புகள் உண்டு என்பதை மனத்தில் பதியுங்கள். ஒன்று, கேமராவிலிருந்து வந்த மூலப் பதிவு. இரண்டு, மேலே சொன்ன திட்டக் கோப்பு. மூன்று, மென்பொருள் தன் வேகத்திற்காகச் செய்துகொள்ளும் தற்காலிகக் கோப்புகள். ஒலி அலைகளின் வரைபடம், முன்னோட்டம், கனம் குறைந்த மாற்றுப் படம் போன்றவை. நான்கு, முடிந்த படம். மூன்றாவது வகை அழிந்தால் கணினி மறுபடியும் செய்துகொள்ளும். இரண்டாவது அழிந்தால் நம் உழைப்பு போகும், மறுபடி உழைக்கலாம். முதலாவது அழிந்தால் அம்மனே வந்தாலும் அந்த நாளைத் திருப்பித் தர இயலாது. இடம் போதவில்லை என்றால் முதலில் அழிக்க வேண்டியது மூன்றாவது வகையை. நம்மில் பலர் செய்வதோ நேர்மாறாக, கனமாக இருக்கிறதே என்று மூலப் பதிவையே அழிக்கிறோம்.

நம் மண்ணிலேயே உள்ள பாடம்

இதற்கு விளக்கம் தேட வெகுதூரம் போக வேண்டாம். ஜெராய் மலையடியில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1930களில் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் அங்கிருந்த பழங்கோயில் இடிபாடுகளை ஆராய்ந்து, இடத்துக்கு ஓர் எண் கொடுத்தார். அந்த எண்களைத்தான் ஆய்வாளர்கள் இன்றும் சொல்கிறார்கள். எட்டாம் எண், புக்கிட் பத்து பகாட் கோயில். 1959–60இல் அலஸ்டேர் லாம்ப் தலைமையில் அது சீரமைக்கப்பட்டது. மெர்போக் அருங்காட்சியகத்திற்குப் போனால் இன்றும் அதைப் பார்க்கலாம். பெங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம், புக்கிட் பெண்டியாட் ஆகிய இடங்களில் கண்டெடுத்த கோயில்களையும் கொண்டுவந்து அதே வளாகத்தில் மறுபடி அமைத்திருக்கிறார்கள். இடம் மாறினாலும் எது எங்கிருந்து வந்தது என்று எழுதி வைத்ததால் அவை தொலையவில்லை.

பதினோராம் எண்ணின் கதி வேறு. சுங்கை பத்துவில் இருந்த அந்தக் கோயிலின் அடித்தளம், வீடமைப்புக்காக நிலத்தைச் சமன் செய்தபோது இடித்துத் தள்ளப்பட்ட செய்தி 2013ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்தது. பதினொன்று என்ற எண் இன்றும் பட்டியலில் இருக்கிறது. அந்த எண்ணைத் தேடிப் போனால் செங்கல் இல்லை. நான் அன்று கண்ட சிவப்புத் திரைக்கும் இதற்கும் அளவில்தான் வேறுபாடு.

இடம் மாற்றுவதும் இப்படியே. வன்தட்டை வேறு கணினியில் செருகியபோது அதற்கு வேறு எழுத்துக் குறி விழுந்தாலோ, கோப்புறையின் பெயரை மாற்றினாலோ, படம் காணவில்லை என்று மென்பொருள் சொல்லும். பதற வேண்டாம். உபயகாரர் வீடு மாறியிருக்கிறார், அவ்வளவுதான். புதிய விலாசத்தைக் காட்டினால் மென்பொருள் மறுபடி இணைத்துக்கொள்ளும். ஆனால் காட்டுவதற்கு ஆள் உயிரோடு இருக்க வேண்டுமல்லவா?

மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபாடு

உங்கள் பிள்ளைகள் வெவ்வேறு மென்பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொன்றின் குணத்தையும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அடோபி பிரீமியர் புரோவில் திட்டக் கோப்பு தனி. படங்கள் நீங்கள் வைத்த இடத்திலேயே இருக்கும். வேலை முடிந்ததும் அதிலுள்ள திட்ட மேலாளர் வசதியைக் கொண்டு, பயன்பட்ட கோப்புகளை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து நகல் எடுக்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: பயன்படாத பதிவுகளை விட்டுவிடும் வகையிலும் அதை அமைக்க முடியும். தாத்தாவின் 50 நிமிடம் அப்படித்தான் போகும். பயன்படாதவற்றையும் சேர்த்தே எடுங்கள்.

ஆப்பிள் கணினியில் வரும் பைனல் கட் புரோ, 2011ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் வேறு முறைக்கு மாறியது. படங்களைத் தன் நூலகத்துக்குள் நகலெடுத்துக்கொள்ளவும் செய்யும்; இருக்கும் இடத்திலேயே விட்டுவிடவும் செய்யும். உள்ளே கொண்டுவரும்போது நாம் எதைத் தேர்ந்தெடுத்தோமோ அதன்படி நடக்கும். வெளியே பார்க்க நூலகம் ஒரே கோப்பு போலத் தோன்றும். உள்ளே படம் இருக்கிறதா, விலாசம் மட்டும் இருக்கிறதா என்று அதன் கனத்தைப் பார்த்தாலே ஊகிக்கலாம். ஒரு நாள் திருவிழாவின் நூலகம் சில மெகாபைட்டில் இருந்தால், உள்ளே அரிசி இல்லை என்று பொருள்.

டாவின்சி ரிசால்வில் திட்டம் ஒரு தனிக் கோப்பாகக்கூட நம் கண்ணுக்குப் படாது. அது ஒரு தரவுத்தளத்துக்குள் இருக்கும். கணினி பழுதாகி எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினால் படம் வன்தட்டில் இருக்கும், பட்டியல் போய்விடும். ஆகவே திட்டத்தை அவ்வப்போது வெளியே ஏற்றுமதி செய்து, படங்களோடு சேர்த்து வைக்க வேண்டும். திட்டத்தையும் படங்களையும் சேர்த்தே ஆவணமாக்கும் வசதியும் அதில் உண்டு.

தொலைக்காட்சி நிலையங்களில் புழங்கும் ஆவிட் மீடியா கம்போசர், வன்தட்டில் தனக்கென ஒரு கோப்புறையை உண்டாக்கிக்கொண்டு, தன் கணக்குப்படி அடுக்கும். அதற்குள் கைவைத்துப் பெயர் மாற்றக் கூடாது. கைத்தொலைபேசிச் செயலிகளில் தொகுப்பவர்களுக்கு ஒன்று: செயலியை நீக்கினால், முடிக்காத வேலைகளும் அதனோடு போய்விடக்கூடும்.

கேமராவிலிருந்து கணினிக்கு

திருவிழா இரவில் களைப்போடு செய்யும் வேலை இது. தவறு நேர்வதும் இங்கேதான். நினைவட்டையில் இருக்கும் படங்களை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். அட்டையில் உள்ள கோப்புறைகளை இருந்தபடியே முழுமையாக நகலெடுங்கள். பல கேமராக்கள் நீண்ட பதிவைப் பல துண்டுகளாக்கி வைக்கும். அத்துண்டுகளைச் சேர்க்கும் குறிப்புகள் வேறு கோப்புறையில் இருக்கும். அவற்றைக் குப்பை என்று விட்டுவிட்டால் மந்திரத்தின் நடுவே படம் துள்ளும்.

மூன்று தம்பிகள் ஒரே வகைக் கேமராவில் பிடித்தால், மூவருடைய முதல் கோப்புக்கும் ஒரே பெயர் இருக்கக்கூடும். ஒரே கோப்புறையில் கொட்டினால் ஒன்று மற்றொன்றின் மேல் எழுதப்படும். அல்லது பிறகு விலாசம் குழம்பும். கேமராவுக்கு ஒரு கோப்புறை வையுங்கள். நகலெடுத்த பின் இரு பக்கத்திலும் கோப்புகளின் எண்ணிக்கையையும் கனத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு இடத்தில் நகல் இருக்கிறது என்று உறுதியான பிறகே அட்டையைத் துடைக்க வேண்டும்.

அடுக்கும் முறை

ஒரு விழாவுக்கு ஒரு பெரிய கோப்புறை. அதன் பெயர் ஆண்டில் தொடங்கட்டும். எடுத்துக்காட்டாக 2025இல் தைப்பூசம் பிப்ரவரி 11 அன்று வந்தது. "2025-02-11" என்று தொடங்கி, பிறகு ஊர், ஆலயம், விழா என்று எழுதினால் கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கிவிடும். பழைய மென்பொருள்கள் சில தமிழ் எழுத்துப் பெயர்களில் தடுமாறும். ஆகவே கோப்புப் பெயருக்கு மட்டும் எண்ணும் ரூமி எழுத்தும் போதும். உள்ளே ஆறு அறைகள்: மூலப் பதிவு, ஒலி, நிழற்படம், திட்டக் கோப்பு, முடிந்த படம், குறிப்பு. இந்த அடுக்கை வேலை தொடங்கும் முன்பே அமைத்துவிட வேண்டும். மென்பொருளுக்கு விலாசம் கொடுத்த பிறகு அடுக்கத் தொடங்கினால் விலாசம் எல்லாம் மாறிப்போகும்.

ஆறாவது அறையான குறிப்பை யாரும் பொருட்படுத்துவதில்லை. அதுவே உயிர். படத்தில் இருப்பவர் யார், எந்த லயம், எந்தத் தோட்டம், பாடியவர் யார், உபயம் யாருடையது என்று சாதாரண எழுத்துக் கோப்பில் தமிழில் எழுதி வையுங்கள். அந்த முகங்களை இன்று அடையாளம் சொல்ல ஆள் இருக்கிறார்கள். இருபது ஆண்டு கழித்துக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

மூன்று படிகள்

வன்தட்டு என்றாவது ஒரு நாள் நின்றுபோகும் பொருள். ஆகையால் மூன்று படிகள் வேண்டும். அவை இரண்டு வகைச் சேமிப்பில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறோர் ஊரில் இருக்க வேண்டும். ஆலய அலுவலகத்தில் ஒன்று, பொறுப்பாளர் வீட்டில் ஒன்று, இணையச் சேமிப்பிலோ அலோர்ஸ்டாரிலோ கூலிமிலோ உள்ள இன்னோர் ஆலயத்திலோ ஒன்று என்று வைக்கலாம். மூன்றையும் ஒரே அலமாரியில் வைத்தால் வெள்ளத்துக்கும் திருடனுக்கும் அது ஒரே படிதான்.

அம்மன் நகைப் பெட்டிக்கு இரண்டு சாவி, இரண்டு பொறுப்பாளர் என்று வைத்திருக்கிறோம். ஆண்டுக் கூட்டத்தில் நகைக் கணக்குப் பார்க்கிறோம். அதே கூட்டத்தில் இந்த வன்தட்டுகளையும் திறந்து, நடுவே நாலைந்து படங்களை ஓட்டிப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். அரை மணி நேர வேலை.

பழைய வி.எச்.எஸ். நாடாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டு ஈரக்காற்றில் அவை பூஞ்சை பிடிக்கும். புதிய வீடியோ பெட்டி செய்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் பூனாய், 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இருக்கும் பெட்டிகள் பழுதாவதற்குள் நாடாக்களைக் கணினிக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றிய பிறகும் நாடாவை வீசாதீர்கள்.

உபயகாரர்களுக்கு ஒரு விண்ணப்பம்

நிறைவாக, நன்கொடை வழங்கும் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. இக்காலக் கேமராவில் நல்ல தரத்தில் ஒரு மணி நேரம் பிடித்தால் ஏறக்குறைய 45 கிகாபைட் ஆகும். நான்கு டெராபைட் வன்தட்டு ஒன்றில் 80 மணி நேரத்திற்கு மேல் கொள்ளும். சிறிய தோட்ட ஆலயத்திற்குப் பல ஆண்டுத் திருவிழாக்களுக்கு அது போதும். அதன் விலை பெரும்பாலும் ஒரு நாள் அன்னதான உபயத்தைவிடக் குறைவே. கோபுரத்தில் பெயர் பொறிக்க உபயம் தருகிறோம். விளக்குக்கும் மணிக்கும் தருகிறோம். இவ்வாண்டு உங்களில் சிலர் "வன்தட்டு உபயம்" என்று இரண்டு வன்தட்டு வாங்கிக் கொடுங்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடுகள் வந்தன. நம் ஆலயங்கள் பல இடம் மாறிவிட்டன. பழைய இடத்தில் அவை எப்படி இருந்தன என்பதற்கு இந்தப் பதிவுகளைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அந்த 40 நிமிட டி.வி.டி. இன்றும் என்னிடம் இருக்கிறது. அதில் தாத்தா 20 வினாடி வருகிறார். "அப்ப இங்க ஒரு மரம்தான்யா இருந்துச்சு. அதுக்கடியில..." என்று தொடங்குகிறார். அதற்குள் நாதசுரம் வந்துவிடுகிறது. அந்த மரத்தடியில் என்ன இருந்தது, யார் வைத்தார்கள், சயாமுக்குப் போனவர்கள் யார் யார் என்பதெல்லாம் 11 நாடாவில் இருந்தன. யாரோ ஒருவருடைய கல்யாணம் அவற்றின் மேல் இப்போது இருக்கிறது.

உங்கள் ஆலயத்திலும் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருப்பார். இந்த வாரமே அவரிடம் போய்ப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். செய்ததை மூன்று படியாக வையுங்கள்.